பறிக்கப் பறிக்கப் பூக்கும்

இலைக்கு அடியில் ஒளிந்துகொண்ட வெண்டைக்காய் ஒன்று கண்ணில் படாமல் போய்விடுகிறது. பூ உதிர்ந்த 5ஆம் நாள் அது விரல் நீளம்தான்; நுனியை வளைத்தால் டக்கென்று ஒடிந்திருக்கும். 8ஆம் நாள் நார் ஓடிவிடும். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது கத்தியே இறங்காது. போனால் போகிறது, ஒரு காய்தானே என்று தோன்றும். ஒரே செடியில் இப்படி நாலு காய் முற்றிவிட்டால் அதன் உச்சியைப் பாருங்கள். புது மொட்டுகள் சிறுத்திருக்கும், சில மஞ்சளாகி உதிரும், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே நாள் கூடியிருக்கும். விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் சத்தையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. வந்த வேலை முடிந்தது, இனி எதற்குப் பூக்க வேண்டும்?

வீட்டுத் தோட்டத்தின் சந்தோஷத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. செடி விதைக்காகப் பூக்கிறது. நாம் பூவையும் பிஞ்சையும் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். விட்ட இடத்தைப் பிடிக்க அது மறுபடியும் பூக்கிறது. பூச்செடிக்கும் காய்கறிச் செடிக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. எந்தக் கட்டத்தில் கை வைக்கிறோம் என்பது மட்டும்தான் வேறு. அதனால் இரண்டையும் தனித்தனியாக ஒதுக்காமல் கலந்தே நடலாம். காலையில் ஒரு சுற்று வந்தால் ஒரு கையில் பூ, மறு கையில் காய். பறிப்பதே பராமரிப்பாகவும் இருக்கிற வேலை வேறு எதில் இருக்கிறது?

செண்டுமல்லியில் தொடங்கலாம். இந்த விதியை அதைவிடத் தெளிவாகக் காட்டும் செடி இல்லை. நாற்று 20 சென்டிமீட்டர் உயரம் வந்ததும், 5 ஜோடி இலையை விட்டுவிட்டு உச்சிக் கொழுந்தைக் கிள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து முதல் மொட்டு எட்டிப் பார்க்கும். கிள்ள மனசே வராது. கிள்ளாமல் விட்டால் செடி ஒற்றைத் தண்டாக நீண்டு, உச்சியில் பெரிய பூ ஒன்றை வைத்துக்கொண்டு காற்றில் சாயும். கிள்ளிய செடி பத்துப் பதினைந்து நாள் பிந்தித்தான் பூக்கும், ஆனால் கணுவுக்குக் கணு கிளை வெடித்து, கிளைக்குக் கிளை மொட்டு வைக்கும். உச்சிக் கொழுந்தில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழ்க் கணுக்களைத் தூங்க வைத்திருக்கிறது. கொழுந்து போனதும் அவை விழித்துக்கொள்கின்றன.

அதன்பிறகு வாடிய பூவை எடுப்பது. இங்கே பலரும் ஒரு தப்புச் செய்கிறார்கள்: காய்ந்த இதழை மட்டும் உருவிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விதை இருப்பது இதழுக்கு அடியில், அந்தப் பச்சைக் கிண்ணத்துக்குள். கிண்ணத்தையும் காம்பையும் சேர்த்து, கீழே இருக்கும் முதல் இலை ஜோடி வரை வெட்ட வேண்டும். ஜீனியா, காஸ்மோஸ் இரண்டுக்கும் இதே முறைதான். வாரம் இரண்டு முறை கத்தரிக்கோலுடன் ஒரு சுற்று வந்தால் போதும். ஒரு மாதத்தில் ஓயவேண்டிய செடி மூன்று மாதம் நிற்கும்.

ரோஜாவில் வெட்டும் இடம் இன்னும் முக்கியம். வாடிய பூவிலிருந்து தண்டோடு கீழே வாருங்கள். முதலில் மூன்று சிற்றிலை உள்ள இலை வரும். அதைத் தாண்டினால் ஐந்து சிற்றிலை உள்ள இலை. அந்த இலைக் கக்கத்தில் இருக்கும் கண், அதாவது துளிர் கிளம்பும் சின்ன மேடு, செடியின் வெளிப்பக்கம் பார்த்திருந்தால், அதற்கு அரை சென்டிமீட்டர் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கமாகச் சரியும்படி சாய்த்து வெட்ட வேண்டும். கண்ணை ஒட்டி வெட்டினால் கண் காய்ந்துவிடும். ரொம்ப மேலே வெட்டினால் மிஞ்சிய குச்சி கறுத்து, அந்தக் கறுப்பு கீழே இறங்கும். உள்பக்கம் பார்த்த கண்ணை விட்டுவைத்தால் கிளைகள் நடுவில் அடைந்துகொள்ளும்; காற்றோட்டம் இல்லாத இலையில் கரும்புள்ளி நோய் தேடி வரும். வெட்டியதிலிருந்து அடுத்த பூ வர ஆறு ஏழு வாரம் ஆகும். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து மளமளவென்று கிளம்பும் கிளை ஒட்டுச் செடி விட்டது இல்லை, அதை வேராக நின்று தாங்கும் அடிச்செடி விட்டது. செழிப்பைப் பார்த்து ஏமாறாமல் அதை அடியோடு நீக்கிவிட வேண்டும். விட்டால் மேலே உள்ள நல்ல ரகம் மெலிந்து போய்விடும்.

மல்லிகை இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. அடுக்கு மல்லிகை பெரும்பாலும் விதை கட்டுவதே இல்லை. அதனால் பூப் பறித்ததற்காக அது கூடுதலாகப் பூக்காது. அதற்குத் தேவை புதுத் தளிர். மல்லிகை மொட்டு வைப்பது புதிதாக வந்த கிளை நுனியில்தான். ஒரு பூப்பு ஓய்ந்ததும், தரையிலிருந்து 45, 50 சென்டிமீட்டர் உயரத்தில் செடியைக் கவாத்து செய்து, காய்ந்த குச்சிகளை எடுத்துவிட்டு, மக்கிய எரு போட்டுத் தண்ணீர் விட்டால், துளிர்க்கிற கிளை எல்லாம் மொட்டோடு வரும். மல்லிகை பூக்கவில்லை என்று சொல்கிறவர்களின் செடியைப் பார்த்தால் பாதிக்கு மேல் இரண்டு காரணம்தான்: கவாத்தே செய்யாத பழைய குச்சி, இல்லையென்றால் நிழல். குறைந்தது 6 மணி நேர நேர்வெயில் அதற்கு வேண்டும்.

சாமந்தியும் நாட்டு அவரையும் வேறொரு பாடம் சொல்லும். இவை பூப்பதை முடிவு செய்வது இரவின் நீளம். பகல் குறைந்து இரவு நீளும் பருவம் வராமல் எவ்வளவு உரம் போட்டாலும் பந்தல் முழுக்க இலைதான் கிடைக்கும். சாமந்தித் தொட்டியைத் தெருவிளக்கு வெளிச்சம் விழும் இடத்தில் வைத்தால் மொட்டே வராமல் போவதும் இதனால்தான். செடியைப் பொறுத்தவரை இன்னும் இரவு ஆகவில்லை. தொட்டியை நகர்த்தி வைத்தாலே சரியாகிவிடும்.

“செடி தளதளவென்று இருக்கிறது, ஆனால் பூவே இல்லை.” வீட்டுத் தோட்டக்காரர்கள் அதிகம் கேட்கும் புகார் இது. இரவு நீளம் காரணமாக இல்லாத செடிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தழைச்சத்து. புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றினால் செடி இலை விட்டுக்கொண்டே போகும். இலை மிருதுவாக இருப்பதால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியும் வந்து அப்பும். நட்டு முதல் மூன்று நாலு வாரம் தழைச்சத்து தேவைதான். மொட்டு தெரிந்ததும் அதைக் குறைத்து, 15 லிட்டர் தொட்டிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு கைப்பிடி மண்புழு உரம், மாதம் ஒரு முறை ஒரு தேக்கரண்டி விறகுச் சாம்பல் என்று மாற்ற வேண்டும். சாம்பலில் சாம்பல்சத்து இருக்கிறது, கூடவே காரத்தன்மையும் இருக்கிறது. அள்ளிப் போட்டால் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் கொழுந்து வெளுக்கும்.

தொட்டிக்கான கலவையில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தோட்ட மண் 2 பங்கு, நன்றாக மக்கிய எரு 1 பங்கு, தேங்காய் நார்க்கழிவு 1 பங்கு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அலசாமல் போட்டால் இலை நுனி கருகும். எரு மக்கியதா என்பதற்கு மூக்குதான் சோதனை: மழை பெய்த மண் வாசனை வந்தால் சரி, மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் இன்னும் ஒரு மாதம் மூடி வையுங்கள். மக்காத எரு சூடேறி இளம் வேரைக் கருக்கிவிடும்.

தொட்டி அளவில் கஞ்சத்தனம் கூடாது. வெண்டை, மிளகாய்க்கு 10 முதல் 12 லிட்டர், தக்காளி, கத்தரிக்கு 15 முதல் 20 லிட்டர், சுரை, பூசணி போன்ற கொடிகளுக்கு 40 லிட்டருக்குக் குறையாமல். கீரைக்கு ஆழம் 15 சென்டிமீட்டர் போதும், அகலம்தான் வேண்டும். சின்னத் தொட்டியில் நட்ட தக்காளி செத்துவிடாது. மதியம் வாடும், மாலை தெளியும், காயின் அடி மட்டும் கறுத்துப் பள்ளமாகும். அந்த அடிக்கறுப்பைப் பார்த்ததும் பலர் முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுகிறார்கள். மண்ணில் சுண்ணாம்புச்சத்து பெரும்பாலும் போதுமான அளவு இருக்கும். அதைக் காய் வரை கொண்டுபோகத் தண்ணீர்தான் சீராக இல்லை. ஒரு நாள் காய்ச்சல், மறுநாள் வெள்ளம் என்று விடாமல், மேல் மண்ணில் காய்ந்த சருகை 5 சென்டிமீட்டருக்கு மூடாக்குப் போட்டு, விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாதபோது தொட்டியின் அடித்துளையில் கசியும் வரை தண்ணீர் விடுங்கள். அடுத்து வரும் காய்கள் சுத்தமாக இருக்கும்.

இனி பூ காயாகும் இடத்துக்கு வருவோம். எனக்கு இந்த மொத்த வேலையிலும் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கத்தரிப் பூவை நிமிர்த்திப் பாருங்கள். ஊதா இதழ்களுக்கு நடுவே மஞ்சள் குழல்கள் வட்டமாக நெருங்கி நிற்கும், அவைதான் மகரந்தப்பைகள். அவற்றின் நடுவிலிருந்து மகரந்தத்தை ஏற்கும் பச்சைநிறச் சூல்முடி எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். குழல்களைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால், அல்லது அவற்றுக்குச் சமமாக நின்றால், அந்தப் பூ காய்க்கும். உள்ளே ஆழத்தில் புதைந்திருந்தால் அநேகமாக உதிர்ந்துவிடும். ஒரே செடியில் இரண்டு வகைப் பூவும் வரும். எல்லாப் பூவும் காயாகவில்லையே என்ற கவலை இதைத் தெரிந்துகொண்டால் தீர்ந்துவிடும். சத்து குறைந்தாலும் காய்ச்சுமை கூடினாலும் குட்டைச் சூல்முடிப் பூக்கள் அதிகமாகும். முற்றிய காயைப் பறித்து, ஒரு பிடி உரம் வைத்தால் நீளச் சூல்முடி திரும்ப வரும்.

அந்த மஞ்சள் குழல்களில் இன்னொரு விசேஷம் உண்டு. அவை நீளவாக்கில் பிளக்காது. உப்பு டப்பா போல நுனியில் சின்னத் துளை மட்டும்தான். மகரந்தத் தூள் வெளியே கொட்ட வேண்டுமானால் பூ அதிர வேண்டும். கருவண்டுத் தேனீ பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறக்கைத் தசையை மட்டும் அதிரச் செய்யும். பக்கத்தில் நின்றால் ர்ர்ர் என்ற சத்தம் காதில் விழும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளியின் மகரந்தப்பைகள் உள்பக்கமாகப் பிளப்பதால், தூள் அவை சேர்ந்து நிற்கும் கூம்பு வழியாக இறங்கி அதே பூவின் சூல்முடியில் விழும். அங்கேயும் அதிர்வுதான் வேலை செய்கிறது. காற்றோ வண்டோ வராத மூலையில் வளர்க்கிறவர்கள் காலை 9 முதல் 11 மணிக்குள், ஈரம் காய்ந்த நேரத்தில், பூக்கொத்தின் காம்பை விரலால் நாலு தட்டுத் தட்டினாலே போதும். வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்களில் தட்டியும் பயனில்லை, மகரந்தம் செயலற்றுப் போய்விடும். அப்போது மதிய வெயிலுக்கு நிழல்வலை கட்டி, செடியைக் காப்பாற்றிக்கொண்டு காத்திருக்கலாம்.

சுரை, பூசணி போன்ற கொடிகளில் கதை வேறு. ஆண் பூ தனி, பெண் பூ தனி. முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. ஒன்று இரண்டு வாரம் அவை மட்டுமே பூத்து உதிரும். பயப்பட வேண்டியதில்லை. பெண் பூவைக் கண்டுபிடிக்கப் பூவைப் பார்க்கக் கூடாது, பூவுக்குப் பின்னால் பார்க்க வேண்டும்: மெல்லிய காம்பு இருந்தால் ஆண், குட்டிக் காய் இருந்தால் பெண். மொட்டாக இருக்கும்போதே பூசணிக்கு உருண்டையாகவும் பாகலுக்கு முள்முள்ளாகவும் புடலுக்கு நீளமாகவும் அந்தக் குட்டிக்காய் அதன் உருவத்திலேயே இருக்கும். பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி.

அந்தக் குட்டிக்காய் மூன்று நாலு நாளில் மஞ்சளாகிச் சுருங்கினால், மகரந்தம் சேரவில்லை என்று பொருள். கையால் சேர்த்துவிடலாம். பூசணிப் பூ விடியலில் விரிந்து, வெயில் ஏறுமுன் கூம்பிவிடும். ஆகவே 8 மணிக்குள் வேலையை முடிக்க வேண்டும். அன்று விரிந்த ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்து எடுத்துவிட்டால் நடுவில் மஞ்சள் தண்டு நிற்கும். விரலில் தொட்டால் தூள் ஒட்டுகிறதா? ஒட்டினால் தயார். அன்றே விரிந்த பெண் பூவுக்குள் மூன்று மடலாகப் பிரிந்த சூல்முடி இருக்கும்; மூன்று மடலிலும் படும்படி மெதுவாகத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் ஒரு பக்க விதை மட்டும் திரளும், காய் கோணலாகும். வெள்ளரி வளைந்து, நுனி சூம்பிப் போவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

நேரத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. பாகலும் வெள்ளரியும் காலைப் பூ. சுரை, பீர்க்கு, புடல் மூன்றும் பொழுது சாயும்போது விரிகிறவை. இரவுப் பூச்சிகளுக்காகத் திறந்திருக்கும் பூக்கள். காலையில் போய் வாடிய சுரைப் பூவைப் பார்த்துவிட்டு ஏதோ நோய் என்று நினைப்பார்கள். மாலையில் போய்ப் பாருங்கள், இருட்டில் வெள்ளை வெளேரென்று விரிந்திருக்கும். புடலம் பூவின் இதழ் ஓரம் முழுக்க நூல் பிரித்துவிட்டது போல் இருக்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு புடலங்கொடி வைக்கலாம். சுரைக்கொடியில் தலைக்கொடி 7, 8 இலை விட்டதும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கொடிகளில்தான் பெண் பூ சீக்கிரமும் அதிகமாகவும் வரும்.

பறிக்கும் பக்குவம் காய்க்குக் காய் மாறும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள், கத்தரிக்கோலால். இழுத்தால் தண்டுப் பட்டை உரிந்துவிடும். கத்தரிக்குத் தோலின் பளபளப்புதான் அளவு. பளபளப்பு மங்கினால் உள்ளே விதை இறுகிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் எழும்பி வர வேண்டும். பீன்ஸ், கொத்தவரையில் விதையின் மேடு வெளியே தெரியும் முன்பே எடுத்துவிட வேண்டும். இவற்றில் நாலு காய் முற்றினாலே பூ நின்றுவிடும். சுரையில் நகம் சுலபமாக இறங்க வேண்டும். மிளகாயைப் பச்சையிலேயே பறித்தால் செடி தொடர்ந்து பூக்கும், பழுக்க விட்டால் வேகம் குறையும். தக்காளி நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து உள்ளே வைத்தால் தானாகவே பழுக்கும், அணிலுக்கும் வெடிப்புக்கும் தப்பும். பரங்கியும் சாம்பல் பூசணியும் இதற்கு நேர் எதிர். முற்ற வேண்டிய காய்கள். கொடிக்கு இரண்டு மூன்று காயை நிறுத்திக்கொண்டு மற்றப் பிஞ்சுகளை எடுத்துவிட வேண்டும். பரங்கிக்குக் காம்பு காய்ந்து தக்கை போலாவதும் சாம்பல் பூசணிக்கு மேலே வெண்பூச்சு படிவதும் அடையாளம்.

தினம் பறிக்கிறவருக்குப் பூச்சி பெரிய பிரச்சினை ஆவதில்லை, ஏனென்றால் முதல் நாளே கண்ணில் பட்டுவிடுகிறது. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சியே கலைக்கலாம். மாவுப்பூச்சி இருந்தால் எறும்பைத் தேடுங்கள். இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. எறும்பு ஏறும் வழியை அடைக்காமல் மருந்து மட்டும் அடித்தால் திரும்ப வரும். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கலப்பதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் மட்டும், இலையின் அடிப்பக்கம். வெயிலில் அதன் வீரியம் சிதைந்துவிடும், இலையும் கருகும். விரிந்த பூ மேல் அடிக்க வேண்டாம்; வண்டை விரட்டிவிட்டுக் காயை எதிர்பார்க்க முடியாது. வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பிய வைரஸ். மருந்து கிடையாது. அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிட வேண்டும்.

செண்டுமல்லி நட்டால் எல்லாப் பூச்சியும் ஓடிவிடும் என்பது மிகை. அதன் வேர் சுரக்கும் பொருள் வேர்முடிச்சு நூற்புழுவை அடக்குவது உண்மை. ஆனால் அந்த மண்ணில் இரண்டு மூன்று மாதம் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்த்துவிட்டு, அடுத்து தக்காளியோ கத்தரியோ வைத்தால்தான் பலன் நன்றாகத் தெரியும். பக்கத்தில் ஒரு செடி நட்டால் கிடைப்பது வேறு லாபம்: பூவைத் தேடி வரும் வண்டுகள். அதற்குத் துளசியும் சூரியகாந்தியும் இன்னும் நல்லவை. துளசிக் கதிரில் நாலில் மூன்று பங்கைக் கிள்ளி, ஒரு பங்கை வண்டுக்கு விடுங்கள்.

இவ்வளவு நாள் தடுத்துவைத்த விதையை, கடைசியில் ஒரு செடிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கடைசிக் காயை விடுவது தவறு. செடி தளர்ந்த பிறகு வரும் விதை மெலிந்திருக்கும். நோயில்லாத, நன்றாகக் காய்த்த செடியில், நடுப்பருவத்தில் இரண்டு காயைத் தேர்ந்து சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், யாரும் மறந்து பறித்துவிடாமல். கலப்பின வீரிய ரகமாக இருந்தால் அதன் விதை தாயைப் போல வராது. நாட்டு ரகத்தில் மட்டும் இதைச் செய்யலாம். இரண்டு ரக வெண்டை அருகருகே நின்றால், மறுநாள் விரியப்போகும் மொட்டின் மேல் மாலையே மெல்லிய துணிப்பை மாட்டி, பூ உதிர்ந்ததும் எடுத்துவிடலாம். வெண்டை தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும். கொடிகளில் பை மாட்டினால் கையால்தான் மகரந்தம் சேர்க்க வேண்டும். தக்காளி விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்க வைத்து, மேலே நுரை கட்டியதும் அலசி, நிழலில் உலர்த்துங்கள். விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு முளைப்பைத் தடுக்கும், புளித்தால் அது கரைந்துவிடும்.

நூல் கட்டிய வெண்டைக்காய் ஒரு மாதத்துக்கு மேல் செடியிலேயே நிற்கும். பழுப்பாகும், பிறகு வரிவரியாக விரியும். ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கும்போது வெட்டி, காகித விரிப்பில் உதறினால் கரும்பச்சை விதைகள் குண்டு குண்டாக உருளும். இன்னும் ஒரு வாரம் நிழலில் உலர வைத்து, காகித உறையில் போட்டு, ரகத்தின் பெயரையும் தேதியையும் எழுதி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். விதைக்கும் முந்தைய இரவு ஊறப்போட்டால் போதும், ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும்.